தோற்றவனுக்கு ஒரு கதிரை

நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபோதுதான் அவன் குசினிக்குள் வந்தான்.

போன வருடம் மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. மத்திய யூட்லாந்தில் எம்மவர்கள் ஓரளவு சேர்ந்து வாழும் ஒரு சிறு நகரத்தின் மண்டபம். வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே அணிக்கு ஐந்து பேராக எட்டு அணிகள். நாற்பது பெடியள், நாற்பது கொம்பியூட்டர்கள், கால் வைக்க இடமில்லாமல் வயர்கள். கவுன்ரர் ஸ்ரைக் சுற்றுப்போட்டி. றெஸ்ரோரன்றில் வேலை செய்பவன் என்ற ஒரே தகுதியில் கொத்துரொட்டி போடும் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள்.

"மாமா, நான் வெட்டித் தரட்டே?"

பதினைந்து வயது. என்னோடு வேலை செய்கிற அண்ணை ஒருவரின் மகன். ஓர் அணியின் தலைவன். முதல் ஆட்டத்தில் 13க்கு 11 என்று தோற்றிருந்தார்கள். தோற்ற அணி வெளியே என்பது விதி. நேரம் காலை பதினொன்று. அதாவது பதினொரு மணிக்கே இருபது பெடியளுக்கு அன்றைய நாள் முடிந்துவிட்டது. அவர்களில் சிலர் ஓல்போவிலிருந்து விடிய ஐந்து மணிக்கு எழும்பி வந்தவர்கள். ஆட்டம் முடிந்தபின்பும் இவன் காதுக்கருவியைக் கழற்றாமல் இருளடைந்த திரைக்கு முன்னால் இருந்ததையும், தகப்பன் பின்னால் நின்று, "இதுக்கே இவ்வளவு காசு குடுத்துக் கொம்பியூட்டர் வாங்கித் தந்தனான்?" என்று சனத்துக்கு முன்னால் கேட்டதையும் நான் கதவிடுக்கால் பார்த்திருந்தேன். மேடையில் ஆளுயரத்துக்கு ஒரு கிண்ணம். யாரோ இறந்துபோன ஒருவரின் நினைவாக. எங்கள் பெடியள் பந்தடித்தாலும், திருக்குறள் ஒப்புவித்தாலும், இப்போது கொம்பியூட்டரில் சுட்டாலும் ஏதோவொரு மரணத்தின் பாரத்தை அந்தக் கிண்ணத்தோடு சேர்த்தே தூக்கவேண்டியிருக்கிறது.

"இனி வீட்டை போறது தானே மாமா?" என்றான். வெங்காயத்தால் அழுகிறானா, வேறு காரணமா என்று நான் கேட்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு கேள்வி எனக்குள் கிடக்கிறது. விளையாட்டு எந்த இடத்தில் விளையாட்டாக இல்லாமல் போகிறது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மெய்யியலை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு வந்தவன் நான். விடை என்னிடம் இருக்குமென்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் கேள்வியை நான் சந்தித்தது புத்தகத்தில் அல்ல, உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில்.

முன்பு வேலை செய்த ஓரிடத்தில் நானும் ஒரு சோமாலிய நண்பனும் தினமும் பின்னேரம் உருளைக்கிழங்கு தோல் சீவுவோம். அலுப்பான வேலை. ஒருநாள் யார் முதலில் ஒரு வாளி சீவுவது என்று பந்தயம் வைத்தோம். தோற்றவன் வென்றவனுக்குக் கோப்பி போட்டுக் கொடுக்கவேண்டும். அவ்வளவுதான். பிறகு அந்த நேரம் எப்போது வரும் என்று காத்திருந்தோம். அவன் ஏமாற்றுவான், நான் கத்துவேன், இரண்டு பேரும் சிரிப்போம். முதலாளி ஒருநாள் இதைப் பார்த்தார். நல்ல மனுசன்தான், அவரும் சிரித்தார். மறுகிழமை சுவரில் ஒரு தாள் தொங்கியது. எங்கள் இருவரின் பெயரும், வாளிக்கு எத்தனை நிமிடம் என்பதும் அதில் இருந்தன. அதே கத்தி, அதே கிழங்கு, அதே இரண்டு பேர். ஆனால் அன்றைக்குப் பிறகு நாங்கள் பந்தயம் வைக்கவில்லை.

ஹுய்சிங்கா என்ற ஒல்லாந்து வரலாற்றாசிரியர் 1938இல் வெளியிட்ட 'ஹோமோ லூடென்ஸ்' நூலில், விளையாட்டு அன்றாட வாழ்விலிருந்து கோடு போட்டுப் பிரித்த ஒரு தனி இடம் என்கிறார். தொழிலாக மாறிய போட்டிகளில் அந்தத் தன்மை குறைந்துபோகிறது என்ற கவலையும் அவருக்கு இருந்தது. எங்கள் சுவரில் தொங்கிய தாள் அந்தக் கோட்டைத்தான் அழித்தது.

டென்மார்க்கில் இதற்குப் பெரிய உதாரணமே இருக்கிறது. 2016இல் உருவான அஸ்ராலிஸ் என்ற டெனிஷ் அணி, கவுன்ரர் ஸ்ரைக்கின் மிகப் பெரிய போட்டிகளான 'மேஜர்' பட்டங்களை 2017இல் அற்லாண்டாவிலும், 2018இல் லண்டனிலும், 2019இல் கற்றோவிற்சேயிலும் பேர்லினிலும் வென்றது. அதே 2019இன் டிசெம்பரில் அந்த நிறுவனம் கொப்பன்ஹேகன் பங்குச் சந்தைக்குப் போனது. ஆறு மாதம் ஆகவில்லை. 2020 மே மாதத்தில் அணித்தலைவர் லூக்காஸ் ரொஸாண்டர் ஸ்ரெஸ் என்று விடுப்பில் போனார். சில கிழமைகளில் அண்ட்ரேயாஸ் ஹொய்ஸ்லெத்தும் அதே காரணத்தால் ஒதுங்கினார். பங்குச் சந்தைதான் காரணம் என்று நான் சொல்லவரவில்லை. மாதக்கணக்கில் ஹோட்டல்களிலும் விமானங்களிலும் கழியும் வாழ்க்கை அது. ஆனால் உலகத்திலேயே அந்த விளையாட்டைத் திறமாக விளையாடியவர்களுக்கே அது விளையாட்டாக இல்லாமல் போனது என்பதை நாங்கள் கவனிக்கவேண்டும். எங்கள் பெடியளின் சுவர்களில் அவர்களின் படங்கள் தொங்குகின்றன. அந்த விடுப்பைப் பற்றி எந்தத் தகப்பனும் கதைத்து நான் கேட்டதில்லை.

தகப்பன்மாரை நான் குறைசொல்லப் போவதில்லை. தோல்வி என்றால் என்னவென்று எங்களுக்கு வேறுவிதமாகப் பழக்கியிருக்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் தொடங்கி, அகதி விசாரணையில் மொழிபெயர்ப்பாளருக்கு முன்னால் திகதிகளை மாற்றிச் சொல்லிவிடுவோமோ என்று நடுங்கிய நாள் வரைக்கும், எங்களுக்கு இரண்டாவது ஆட்டம் இருந்ததில்லை. அந்த மேசையில் தோற்றால் கதிரையும் இல்லை, நாடும் இல்லை. அந்தப் பயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிள்ளையின் கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டோம்.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த விளையாட்டில் ஒரு பக்கத்துக்குப் பெயர் பயங்கரவாதிகள், மறுபக்கம் பயங்கரவாத எதிர்ப்பாளர்கள். "நான் இப்ப ரெரறிஸ்ற்" என்று மகன் வரவேற்பறையில் கத்த, அண்ணை ஓடிப்போய் யன்னலைச் சாத்தினாராம். பன்னிரண்டு சுற்று முடிய இரு அணியும் பக்கம் மாறவேண்டும் என்பது விதி. அதை அவருக்கு விளங்கப்படுத்தியபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "நல்ல விதிதான்" என்றார்.

ஊரில் கிட்டிப்புள் அடித்த ஞாபகம் வருகிறது. தோற்றவன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு ஓடிவரவேண்டும். மூச்சு விட்டால் மறுபடியும் ஓடவேண்டும். எல்லோரும் சுற்றி நின்று சிரிப்போம், ஓடுபவனும் சிரிப்பான். அதுதானே விளையாட்டின் உச்சம். தோற்றவனை வெளியே அனுப்பாமல் அவனுக்கு ஒரு வேலை கொடுத்து வைத்திருந்தது அந்த விளையாட்டு. ஒழுங்கை மணலில் விளையாடிய பிள்ளைகளுக்கு இருந்த இந்தப் புத்தி, கிண்ணம் வாங்கிய எங்களுக்கு ஏன் இல்லாமல் போனது?

டெனிஷ்காரருக்கும் இது தெரியாத விசயமல்ல. 1991 டிசெம்பரில் வட யூட்லாந்தின் ஓர்ஸ் என்ற சிற்றூரில் 'த பார்ட்டி' என்ற பெயரில் இளைஞர்கள் தத்தம் கொம்பியூட்டர்களோடும் படுக்கைப் பைகளோடும் கூடினார்கள். இடம் மாறினாலும் 2002 வரை வருடாவருடம் அது நடந்தது. அங்கும் போட்டிகள் இருந்தன. ஆனால் தோற்றவன் வீட்டுக்குப் போகவில்லை. அவனுடைய படுக்கை அங்கேதான் விரிந்திருந்தது. பக்கத்து நாடான நோர்வேயிலோ சிறுவர் விளையாட்டுக்கு 1987 முதல் தனி விதிகள் உண்டு. இன்றைய விதிப்படி பதினொரு வயதுக்கு முன் பெறுபேற்றுப் பட்டியலோ தரவரிசையோ போடக்கூடாது.

புரட்டாதியில் மறுபடி போட்டி வைத்தபோது நான் கொத்துரொட்டியோடு நிற்காமல் கூட்டத்திலும் வாயைத் திறந்தேன். சதுரங்கக்காரர் 1895இல் சூரிச்சில் தொடங்கிய 'சுவிஸ்' முறையைக் கேட்டேன். வென்றவன் வென்றவனோடும், தோற்றவன் தோற்றவனோடும் அடுத்த ஆட்டம். ஒருவரும் வெளியே போவதில்லை. கவுன்ரர் ஸ்ரைக்கின் மேஜர் போட்டிகளின் ஆரம்பக் கட்டங்களிலேயே மூன்று முறை தோற்ற பிறகுதான் வெளியேற்றுகிறார்கள் என்று சொன்னதும் பெடியள் என் பக்கம் வந்துவிட்டார்கள். அணிகளைச் சீட்டுப் போட்டுப் பிரிப்பது, பரிசுப் பணம் இல்லை, ஒரு மணிக்கு எல்லோரும் திரையை அணைத்துவிட்டு ஒன்றாக இருந்து சாப்பிடுவது, மாலை ஆறு மணிக்கு எது எப்படியிருந்தாலும் முடிப்பது.

"இதென்ன, போட்டியோ கலியாண வீடோ?" என்று அண்ணை கேட்டார். அவருடைய கேள்வியில் நியாயம் இருந்தது. புள்ளியே எழுதாமல் விடுவோம் என்று நான் ஒரு கட்டத்தில் சொல்லிப்பார்த்தேன். முதலில் எதிர்த்தது பெடியள்தான். "அப்ப என்னத்துக்கு விளையாடுறது?" என்றான் அவன். அவன் சொன்னதுதான் சரி. 12க்கு 12 என்று நிற்கும்போது கை வியர்க்காவிட்டால் அதில் என்ன சுவை? அந்தப் பதற்றத்துக்காகத்தான் அவர்கள் வருகிறார்கள். அதை எடுத்துவிட்டால் பிள்ளைகளை அவமதித்ததாகும். வெளியிலிருந்து வந்து அந்தப் பதற்றத்தோடு ஒட்டிக்கொள்ளும் பயம்தான் வேறு: அப்பாவின் முகம், ஐயாயிரம் குரோனர், மேடைக் கிண்ணம், மறுநாள் ரெலிபோனில் பரவும் பட்டியல். இரண்டும் உடம்புக்குள் ஒரே மாதிரித்தான் அடிக்கின்றன. பதினைந்து வயதில் பிரித்தறிவது கடினம். முப்பத்தேழில் எனக்கே சனிக்கிழமை இரவில் ஓடர் துண்டுகள் வரிசையாக வரும்போது பிரித்தறிய முடிவதில்லை.

கிண்ணத்தைப் பற்றி மட்டும் உடன்பாடு வரவில்லை. இறந்தவரின் குடும்பம் மனம் நோகும் என்றார்கள். அதுவும் உண்மைதான். கடைசியில் கிண்ணத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, அவரை அறிந்த ஒருவர் அவர் எப்படிக் கடதாசி விளையாட்டில் களவடிப்பார் என்று கதை சொன்னார். அவருடைய தங்கைதான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தா.

அவனுடைய அணி ஐந்தாவதாக வந்தது. மாலை அவர்களோடுதான் காரில் திரும்பினேன். பின்சீற்றில் இருந்துகொண்டு, கடைசி ஆட்டத்தின் ஒன்பதாவது சுற்றில் புகைக்குண்டை யார் பிந்தி எறிந்தது என்று அவனும் இன்னொருவனும் வெயிலே வரைக்கும் சண்டை பிடித்தார்கள். அண்ணை கனநேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வேகத்தைக் குறைத்து, "அந்தப் புகையை எறிஞ்சா அங்கால நிக்கிறவனுக்கு எங்களைத் தெரியாதோ?" என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள்.