கேப்சூலுக்கு மடி உண்டா?

ஸ்ரீரங்கத்து உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும், பிள்ளைகள் பெங்களூரிலோ கலிஃபோர்னியாவிலோ இருக்க, வயதான தம்பதி மட்டும் குடியிருக்கும் வீடுகள் அநேகம். அம்மாவுக்கு மூட்டுவலி, அப்பாவுக்கு விடியற்காலையிலேயே காபி வேண்டும். லீவில் வந்த மகன் இதற்குக் கண்டுபிடிக்கும் தீர்வு, கேப்சூலைப் போட்டுப் பட்டனை அழுத்தும் காபி மெஷின். எந்த மாடல், என்ன விலை, வாரண்டி எத்தனை வருஷம் என்று அவன் ஃபோனில் ஒப்பிட்டுக்கொண்டிருக்க, அம்மா வேறொன்றைக் கேட்பாள்: "அதெல்லாம் சரிடா, அதைத் தளிகை உள்ளுக்குள்ள வெச்சுக்கலாமோ?"

ஆசாரமான சமையலறைக்குள் மெஷினை விடலாமா என்பது, சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை.

இதே ஊரில், பெரிய கோயிலுக்குள் சன்னதி கொண்டிருக்கும் ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தின் தொடக்கப் பகுதியிலேயே சாப்பாட்டைப் பற்றிப் பேசிவிடுகிறார். பக்திக்கு வேண்டிய ஏழு சாதனங்களை முன்னோர் வழியில் அடுக்கும்போது முதலில் நிற்பது விவேகம். எதைச் சாப்பிடலாம், எதைத் தள்ளவேண்டும் என்ற தெளிவைத்தான் அங்கே விவேகம் என்கிறார். உணவுக்குத் தோஷம் மூன்று வழியில் வரும். பூண்டு போலப் பொருளின் இயல்பிலேயே இருப்பது ஒன்று. யாரிடமிருந்து வந்தது என்பதால் ஒட்டிக்கொள்வது இன்னொன்று. முடி விழுந்தது, எச்சில் பட்டது என்று நடுவில் நேர்ந்துவிடுவது மூன்றாவது. ஆகார சுத்தியால் மனசு சுத்தமாகும் என்ற சாந்தோக்ய உபநிஷத வாக்கியத்துக்கு உரை எழுதிய சங்கரர், கண்ணும் காதும் உள்வாங்குவதையெல்லாம் அதில் சேர்த்துக்கொண்டார். ராமானுஜரோ இலையில் விழுவதையே பேசினார். ஆக, அந்த அம்மாவின் கேள்வி சம்பிரதாயத்தின் நடுக்கூடத்தில் நிற்கிற கேள்வி.

அந்த மூன்று தோஷங்களையும் வைத்துக் கேப்சூலை உரசிப் பார்க்கலாம்.

பொருளிலிருந்தே தொடங்கினால், காபியே சந்தேகக் கேஸ்தான். சாஸ்திரம் எழுதியவர்களுக்கு அது தெரியாது. ஏமன் நாட்டு சூஃபிகள் இரவெல்லாம் இறைநாமம் சொல்லிக் கண்விழிக்கக் குடித்த பானம் அது. 1511-ல் மெக்காவில், இது மதுவைப் போன்றதுதானா என்று விசாரித்துத் தடையே போட்டார்கள், தடை நிலைக்கவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் பாபா புதன் என்ற சூஃபிப் பெரியவர் ஹஜ் முடித்துத் திரும்புகையில் ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றினார் என்பது மரபு. அந்த மலையிலிருந்து இறங்கி வந்த பழக்கம் தமிழ்நாட்டு அக்ரஹாரங்களைப் பிடித்துக்கொண்டபோது இங்கேயும் பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். அந்தக் கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற கட்டுரையில் சுவையாக எழுதியிருக்கிறார். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி பட்டுப்புடவையையும் காபியையும் விடச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். காலையில் மோர்க்கஞ்சி குடியுங்கள் என்றார். கேட்டவர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாய் காபி குடித்தார்கள்.

ஸ்ரீவைஷ்ணவ வீட்டில் சிக்கல் இன்னும் நுட்பமானது. பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணாத, அதாவது நைவேத்தியம் ஆகாத, எதையும் வாயில் வைக்கக் கூடாது. காபியையோ பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணுகிற வழக்கமில்லை. பாலை மட்டும் முதலில் பெருமாள் முன் வைத்துவிட்டு, அந்தப் பாலில் டிகாக்ஷனைக் கலந்துகொள்கிற சமாதானம் சில வீடுகளில் உண்டு. பாதிப் பிரசாதம், பாதிப் பழக்கம். அந்நியச் சரக்கு என்பதால்தான் விலக்கு என்று சொல்லவும் முடியாது. பெருமாளிடம் மனம் பறிகொடுத்த முஸ்லிம் பெண்ணாக மரபு சொல்லும் துலுக்க நாச்சியாரை முன்னிட்டு ரங்கநாதருக்கு ரொட்டியும் வெண்ணெயும் அமுது செய்விக்கிற கோயில் இது. பெருமாள் கைலி கூட உடுத்துகிறார். கோதுமை ரொட்டிக்குத் திறந்த கதவு காபிக்கு ஏன் திறக்கவில்லை என்றால், ரொட்டியோடு ஒரு பெண்ணின் பக்திக் கதை வந்தது. காபிக்கு அப்படிப் பரிந்து பேச ஆளில்லை.

யார் கை பட்டது என்ற இரண்டாவது விசாரணையில் கேப்சூல் எல்லோரையும் தோற்கடித்துவிடுகிறது. நெஸ்லேயில் வேலை பார்த்த எரிக் ஃபாவ்ரே என்ற பொறியாளர் 1976-ல் காப்புரிமை பெற்ற யோசனை இது; 1986-ல் நெஸ்பிரெஸோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. கட்டைவிரல் நுனி அளவு அலுமினியக் குப்பி. உள்ளே ஐந்து கிராம் சுமாருக்குப் பொடி, வாய்க்கு மெல்லிய தகடு. மெஷினின் நெம்புகோலை இறக்கினால் பின்பக்கத்தை ஊசிகள் குத்துகின்றன. வெந்நீர் அழுத்தமாகப் பாய்கிறது. முன்பக்கத் தகடு, எதிரே இருக்கும் புள்ளிபுள்ளியான பல் வரிசையில் அழுந்திக் கிழிகிறது. நுரையோடு டிகாக்ஷன் இறங்குகிறது. பொடி அரைத்ததிலிருந்து டம்ளரில் விழுகிறவரை ஒரு மனிதக் கை அதைத் தீண்டவில்லை. எவ்வளவு மடியான மாமியும் இவ்வளவு மடியாக டிகாக்ஷன் இறக்க முடியாது.

இந்த வெற்றியில்தான் சங்கடமும் இருக்கிறது. யார் கை என்ற விசாரணை நம் ஊரில் எங்கெல்லாம் போய் நின்றது என்பது தெரிந்த கதை. சென்னை திருவல்லிக்கேணி முரளி கஃபே வாசலில், அதன் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எதிர்த்துப் பெரியாரின் இயக்கம் மறியல் செய்தது 1957-ல். ஐம்பத்தைந்து வருஷம் கழித்து, 2012-ல், ஸ்ரீரங்கத்திலேயே ஒரு ஓட்டல் பலகையில் அதே சொல் மீண்டும் வர, மீண்டும் எதிர்ப்புக் கிளம்பியது. பலகை தெருவில் இருப்பதால் கண்ணில் படுகிறது. சமையலறைக்குள் பலகை தேவையில்லை. இரண்டாவது டிகாக்ஷன் போதும். முதல் டிகாக்ஷன் வீட்டுக்காரர்களுக்கு. அதே பொடியில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கிய, நிறம் மட்டும் மிச்சமிருக்கிற இரண்டாவது, பாத்திரம் தேய்க்க வருகிறவளுக்கு. அவளுக்கென்று தனி டம்ளர், கொல்லைப்புறத்து மாடத்தில்.

ராமானுஜரின் பெயரால் இதற்கு நியாயம் தேடுகிறவர்கள் குருபரம்பரைக் கதைகளையும் சேர்த்துப் படிக்கவேண்டும். பிராமணரல்லாத திருக்கச்சி நம்பியை விருந்துக்கு அழைத்து, அவர் உண்ட மிச்சத்தை உண்ண ஆசைப்பட்டவர் அவர். ராமானுஜர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி சாப்பிட்டுக் கிளம்ப, ராமானுஜரின் மனைவி தஞ்சமாம்பாள் இலையை அப்புறப்படுத்தி, இடத்தை மெழுகி, மிச்சத்தையும் கொடுத்துவிட்டுத் தலைக்குக் குளித்துப் புதிதாகச் சமைத்திருந்தாள். திரும்பி வந்தவர் நொந்துபோனார். பிற்காலத்தில் காவிரியில் குளிக்கப் போகும்போது பிராமணச் சீடரின் கையைப் பிடித்துக்கொண்டு போவார். குளித்துவிட்டு வரும்போது உறையூர் மல்லரான பிள்ளை உறங்காவில்லிதாசர் கையைப் பிடித்து வருவார். குளித்த பிறகு தொடுவதா என்று கேட்டவர்களும் இதே வீதிகளில் இருந்தார்கள். உணவு யாரிடமிருந்து வருகிறது என்று பார்க்கச் சொன்னவர், அந்த 'யார்' என்பதற்குப் பிறப்பைத் தவிர வேறு அளவுகோல் வைத்திருந்தார் என்றுதான் இதிலிருந்து படுகிறது. விவேகானந்தர் ராமானுஜரின் மூன்று தோஷங்களை மதித்து விளக்கியவர்தான்; ஆனால் மதத்தை அடுக்களைக்குள் பூட்டிய தொடாதே-தொடாதே கூட்டத்தை அவர் விட்டுவைக்கவில்லை.

கேப்சூலில் இரண்டாவது டிகாக்ஷன் கிடையாது. ஒரு முறை குத்தினால் முடிந்தது. வீட்டுக்காரருக்கும் வேலைக்கு வருகிறவளுக்கும் இறங்குவது ஒரே முதல் டிகாக்ஷன். ஜாதி பார்க்காத யந்திரம் என்று கொண்டாடலாம், விலையைக் கேட்கும்வரை. ஒரு கேப்சூல் நாற்பது ரூபாய் என்று வைத்துக்கொண்டால்கூட, ஐந்து கிராமுக்கு நாற்பது என்றால் கிலோ எட்டாயிரம். அந்தக் கணக்கு மனசில் ஓடும்போது, வருகிறவளுக்கு ஒரு கேப்சூல் கிழிக்கப்படுமா, அல்லது அவளுக்கென்று இன்ஸ்டன்ட் டப்பா ஒன்று அலமாரியில் குடியேறுமா?

பகவத் கீதை தனக்கென்று மட்டும் சமைத்துக்கொள்கிறவன் பாவத்தையே உண்கிறான் என்கிறது. ஒருவருக்கு ஒரு குவளை என்பதையே விற்பனைச் சரக்காக்கிய மெஷின் முன்னால் இந்த வார்த்தை கொஞ்சம் உறுத்தும். ராத்திரி ஃபில்டரில் பொடி போட்டு அமுக்கி வெந்நீர் ஊற்றுகிறவள், நாளைக்கு யார் வருவார்கள் என்று தெரியாமல்தான் ஊற்றுகிறாள். பக்கத்து வீட்டு மாமா, சேவிக்க வந்த உறவுக்காரர், எல்லோருக்கும் அதில் பங்கு இருக்கும். ஆள் கூடினால் பால் கூடும், அவ்வளவுதான். கேப்சூல் பெட்டியில் பத்து இருந்தால் பத்துதான். அதற்காகத் தனியாக இருக்கும் எழுபத்தெட்டு வயதுக்காரரைப் பாவி என்று சொல்வது அநியாயம். அவர் வீட்டுக்கு வருவார் இல்லாமல் போனதற்கு மெஷின் காரணமில்லை.

நடுவில் நேரும் தோஷத்துக்கு வருவோம். யூத மத ஆசாரக்காரர்களிடையே இதே மாதிரி மெஷினை வைத்து ஒரு விவாதம் உண்டு: அலுவலகத்தில் பொதுவாக வைத்த மெஷினில், விலக்கப்பட்ட உணவு சேர்ந்த சூப் கேப்சூலை ஒருவர் போட்டிருந்தால், அதே ஊசி வழியாக இறங்கும் காபியை அடுத்தவர் குடிக்கலாமா? ஸ்ரீரங்கத்து ஆசாரத்துக்கு இந்தக் கேள்வியை விளக்கவே வேண்டாம். பத்துப் பாத்திரம் எது, மற்றது எது என்று தினமும் பிரிக்கிறவர்கள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். சொந்த மெஷின், சொந்த ஊசி என்றால் அந்தக் கவலையும் இல்லை.

ஒரு முறை பயன்படுத்தித் தூக்கிப்போடுவது இங்கே புதுசும் இல்லை. ரங்கநாதருக்குத் தளிகை தினமும் புது மண்பானையில்தான் நடக்கிறது. திருமலையில் தயிர்சாதம் போகிற மண் ஓடும் அப்படியே. பூரி ஜகந்நாதர் மடைப்பள்ளியும் மண்பானைதான். வாழையிலை, தையல் இலை, தொன்னை என்று மடியின் பாதி, மறுமுறை தொடாத பாத்திரங்களால் ஆனது. அந்த வகையில் கேப்சூல் நம் ஆசாரத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் பானை உடைந்தால் மண். இலை விழுந்தால் மாட்டுக்கு. கேப்சூல் எங்கே போகும்?

மாநகராட்சித் தூய்மைப் பணியாளர் வாசலில் வந்து மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கேட்கிறார். ஈரப்பொடி ஒரு பக்கம், அலுமினியம் ஒரு பக்கம் என்று ஒட்டிக்கிடக்கும் குப்பியை எந்தக் கூடையில் போடுவது? தகட்டைக் கிழித்து, பொடியைச் சுரண்டித் துளசி மாடத்தடியில் போட்டு, குப்பியைக் கழுவி வைத்தால் அலுமினியம் மறுசுழற்சிக்கு உகந்த உலோகம். அதைச் செய்யப் பொறுமை இருக்கிறவருக்கு ஃபில்டர் கழுவுவதே சுலபம். செய்யாவிட்டால் அது திருச்சி அரியமங்கலம் குப்பைக் கிடங்குக்குப் போகும். அங்கே மலையாகக் குவிந்ததைப் பிரித்தெடுக்க மாநகராட்சி பயோமைனிங் என்று பாடுபட்டுக்கொண்டிருக்கிறது. பிரிக்கிற கை யாருடையது என்று ராமானுஜரின் இரண்டாவது தோஷத்தை விசாரிக்கிறவர்கள் கேட்பதில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரம் 2016-ல் தன் அரசு அலுவலகங்களுக்கு இந்தக் கேப்சூல்களை வாங்குவதையே நிறுத்தியது. அமெரிக்காவின் பிளாஸ்டிக் கேப்சூலான கே-கப்பை உண்டாக்கிய ஜான் சில்வன், இதை ஏன் கண்டுபிடித்தோம் என்று சில சமயம் வருத்தமாக இருக்கிறது என்று பேட்டியே கொடுத்தார்.

இவ்வளவுக்குப் பிறகும் மூட்டுவலி மூட்டுவலிதான்; வாங்கத்தான் வேண்டும் என்றால் சில விஷயங்களைக் கவனிக்கலாம். பால்பொடி கேப்சூலும் சேர்த்துப் போடுகிற வகை வேண்டாம். டிகாக்ஷன் மட்டும் இறக்குகிற மெஷின் போதும். பால் வீட்டு அடுப்பிலேயே பொங்கட்டும், பெருமாளும் கண்டருளட்டும். அளவில் 25 மில்லி, 40 மில்லி பட்டன்கள்தான் நம் பாலுக்குத் தாங்கும். 110 மில்லி பட்டன் இறக்குவது ஏறக்குறைய அந்த இரண்டாவது டிகாக்ஷன். ஒரே கம்பெனியின் கேப்சூலை மட்டும் ஏற்கிற மெஷினைவிட, காப்புரிமை தீர்ந்து பலரும் கேப்சூல் செய்கிற பழைய வடிவத்தை ஏற்கும் மெஷின் நல்லது. தண்ணீரில் உப்பு அதிகமென்றால் உப்புப் படிவு நீக்கும் வேலை அடிக்கடி வரும். அதற்கு மகன் லீவு போட்டு வரமாட்டான்.

சிக்கரி இல்லாத காபி இவர்களுக்குக் காபியாகப் படாது என்பது தனிப் பிரச்சினை. கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி சேர்க்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. கேப்சூல்காரர்களோ பெரும்பாலும் தனிக் காபிதான் அடைக்கிறார்கள். அதற்கும் வழி இருக்கிறது: திரும்பத் திரும்ப நிரப்பிக்கொள்ளும் ஸ்டீல் கேப்சூல். தெருமுனைக் கடையில் அரைத்த பொடியையே அதில் போட்டுக்கொள்ளலாம், குப்பையும் இல்லை. ரொம்ப நைஸாக அரைத்தால் அடைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகத்தான் இறங்கும். கடைக்காரரிடம் கொஞ்சம் கொரகொரப்பாகக் கேட்கவேண்டும். நிரப்பவும் கழுவவும் ஒரு கை வேண்டும் என்பதால், யார் கை என்ற விசாரணை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்த வேலைக்கு அம்மா தன் டம்ளர் டபராவோடு அதையும் தொட்டியில் போட்டுவிட்டு, பாத்திரம் தேய்க்க வருகிறவளைக் கூப்பிடுவாள்.