மூழ்கிய ஊரைப் பார்ப்பது

வெனிஸுக்குச் சொகுசுக் கப்பலில் போய் இறங்குகிறவன், ஒரே பகலில் ஊரையும் முரானோ, புரானோ தீவுகளையும் பார்த்துவிட்டு ராச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்குத் திரும்பிவிடுகிறான். பெருங்கப்பல்கள் ஜுதெக்கா கால்வாய்க்குள் வருவதை 2021இல் இத்தாலி தடுத்தது. 2024இலிருந்து, குறிப்பிட்ட நாட்களில், பகலில் வந்து போகிறவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்கள். முதல் வருஷம் 5 யூரோ. பழைய நகரில் குடியிருப்பவர்கள் 50,000க்கும் குறைந்துவிட்டார்கள். கட்டணம் என்று ஒன்று வந்துவிட்டால், பார்க்கிறவன் ஏதோ கடன்பட்டிருக்கிறான் என்றாகிறது. அந்தக் கடன் என்ன?

சேலம் ஜில்லாக்காரன் இதற்காக வெனிஸ்வரை போகவேண்டியதில்லை. மேட்டூர் அணை 1925இல் ஆரம்பித்து 1934இல் முடிந்தது. தேங்கிய நீருக்குள் ஊர்கள் போயின, ஜனங்கள் மேடேறினார்கள். நிரம்பினால் 120 அடி. வறட்சியில் நீர் வெகுவாக இறங்கும்போது, பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், கிறிஸ்தவ தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் வெளியே வந்து தீவுகள் மாதிரி நிற்கின்றன. கூட்டம் சேர்ந்துவிடுகிறது. நானும் பரிசலில் போய்ப் பார்த்தேன். அழகாகவே இருந்தது. இதைச் சொல்ல ஏன் கூச்சப்பட வேண்டும்?

பிறர் இழப்பை வேடிக்கை பார்க்காதே என்பது சுலபமான அறம். பார்க்காமலிருந்தால் ஊர் மீண்டுவிடப் போவதில்லை. யாருமே பார்க்காத இழப்பு இன்னும் பூரணமான இழப்பு என்றுதான் எனக்குப் படுகிறது. "எங்க பாட்டன் ஊருங்க" என்று பரிசல்காரர் துடுப்பை நிறுத்திக் காட்டினார். குரலில் துக்கம் எதுவுமில்லை. காட்டவேண்டியதைக் காட்டினார், அவ்வளவுதான். ஆளுக்கு இவ்வளவு என்று கூலி சொன்னார். ஊருக்கென்று தனியாக எதுவும் கேட்கவில்லை.

என் சங்கடம் வேறு. வெனிஸில் இறங்குகிறவன் அந்நியன்; 5 யூரோவோடு கணக்குத் தீர்ந்தது என்று அவன் நினைத்துக்கொள்ளலாம். பரிசலில் உட்கார்ந்திருந்த நான் அப்படி அந்நியனில்லை. இந்த நீர்தான் மின்சாரமாகிறது, தஞ்சாவூர்ப் பக்கம் போய் நெல்லாகிறது. அந்தச் சோற்றைத் தின்று, அந்த வெளிச்சத்தில் புத்தகம் படித்து, அவற்றுக்குக் கொடுக்கப்பட்ட விலையையே ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காட்சியாகவும் அனுபவிக்கிறேன். விலையைக் கொடுத்தவர் என் பாட்டன் இல்லை, துடுப்புப் போடுகிறவரின் பாட்டன்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. நந்தி முழுசாகத் தெரிகிற வருஷங்களில் ஜூன் 12இல் அணை திறப்பது சந்தேகம்தான். டெல்டாவில் குறுவை போய்விடும். பரிசல்காரருக்கு வேடிக்கை பார்க்க வருகிறவர்களால் நாலு காசு கிடைப்பதும் அந்த வருஷங்களில்தான்.