துரதிர்ஷ்டமா, அநீதியா? கொசு பரப்பும் நோய்களும் நகரமும்

துன்பத்தை இரண்டாகப் பிரிப்பது மெய்யியலில் நெடுங்கால வழக்கம். மனிதர் மனிதருக்குச் செய்யும் கொடுமையால் வருவது ஒழுக்கத் தீமை. நிலநடுக்கம், வெள்ளம், கொள்ளைநோய் ஆகியவற்றால் வருவது இயற்கைத் தீமை. முன்னதற்குப் பொறுப்பாளியைக் காட்ட முடியும். பின்னதை ஊழ் என்றோ கடவுளின் சித்தம் என்றோ விட்டுவிடுவார்கள். மஞ்சள் காய்ச்சல், டெங்கு, ஜிகா ஆகிய வைரஸ் நோய்கள் இந்தப் பிரிவினைக்குள் அடங்குவதில்லை. மூன்றையும் நகரங்களில் பரப்புவது முக்கியமாக ஏடிஸ் எகிப்தி என்ற கொசு. அது வளர்வது மனிதர் சேமித்து வைத்த நீரில். வாழ்வது மனிதரின் வீட்டை ஒட்டி. அது பரப்பும் நோயில் இயற்கையின் பங்கு எது, மனித ஏற்பாட்டின் பங்கு எது என்பதே இங்குள்ள கேள்வி.

இக்கேள்வி 1755 நவம்பர் 1 அன்று லிஸ்பன் நகரை அழித்த நிலநடுக்கத்தை ஒட்டி எழுந்த விவாதத்தில் தெளிவான வடிவம் பெற்றது. இருக்கக்கூடிய உலகங்கள் எல்லாவற்றிலும் இதுவே சிறந்தது என்ற மெய்யியலாளர் லைப்னிட்சின் கொள்கை இத்தனை சாவுக்கு என்ன பதில் சொல்லும் என்று வால்டேர் கேட்டார். 1756இல் அவருக்கு எழுதிய கடிதத்தில் ரூசோ வேறொன்றைச் சுட்டினார்: ஆறேழு மாடி வீடுகளை இருபதாயிரம் என்ற கணக்கில் ஓரிடத்தில் நெருக்கிக் கட்டியது இயற்கையன்று. அதிர்ச்சி நிலத்திலிருந்து வந்தாலும், சாவின் அளவைத் தீர்மானித்ததில் நகரத்துக்கும் பங்கு உண்டு என்பது அவர் வாதம்.

1793இல் பிலடெல்பியாவில் பரவிய மஞ்சள் காய்ச்சல் இவ்வாதத்துக்கு நல்ல சோதனை. அப்போது அமெரிக்காவின் தலைநகராக இருந்த அந்நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 50,000. ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை சுமார் 5,000 பேர் இறந்தனர். வண்டியும் வெளியூரில் தங்க இடமும் உள்ளவர்கள் கிளம்பிவிட்டார்கள். அதிபர் வாஷிங்டனும் செப்டம்பரில் நகரை விட்டுச் சென்றார். துறைமுகத்தை ஒட்டிய சந்துகளில் வாழ்ந்த ஏழைகளுக்குப் போக்கிடம் இல்லை. லூத்தரன் போதகர் ஹெல்முத் இந்நோயில் நாடகமும் கேளிக்கையும் மலிந்த நகரின் மீது விழுந்த தெய்வ தண்டனையைக் கண்டார். பாவத்துக்கு ஏற்ற தண்டனை என்றால் அது பாவிகளைத் தேடிச் சென்றிருக்க வேண்டும். நடந்ததோ வேறு: ஊரை விட்டுப் போக வசதி இருந்தவர் தப்பினார், இல்லாதவர் மாட்டிக்கொண்டார்.

மருத்துவர் பெஞ்சமின் ரஷ் வேறொரு விளக்கத்தை நம்பினார்: கறுப்பின மக்களை இந்நோய் தொடாது, ஆகவே நோயாளிகளைப் பேணுவது அவர்கள் கடமை. ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் தலைமை தாங்கிய சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கத்தினர் நோயாளிகளைக் கவனித்துக்கொண்டார்கள், பிணங்களைப் புதைத்தார்கள். நம்பிக்கை பொய்த்தது. ஏற்கெனவே இந்நோய் கண்டு மீண்டவர்கள் தவிர மற்றவர்கள் எல்லாரையும் போலவே விழுந்தார்கள்; 200க்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் இறந்தனர். ஆலனும் நோயுற்று மீண்டார். தாம் சொன்னது தவறு என்று ரஷ் பின்னர் ஒப்புக்கொண்டார். ஆனால் பதிப்பாளர் மேத்யூ கேரி, கறுப்பினச் செவிலியர் அதிகக் கூலி வாங்கினர், திருடினர் என்று எழுதினார். ஆலனும் ஜோன்ஸும் 1794இல் ஒரு சிறுநூலில் கணக்கு வழக்குகளோடு அதை மறுத்தனர். இங்கே இயற்கையைப் பற்றிய ஒரு பொய், யார் ஆபத்தில் இறங்க வேண்டும் என்பதற்கான கட்டளையாக மாறியது.

நியூ ஆர்லியன்ஸ் நகரில் உண்மையான உடல் வேறுபாடே இவ்வாறு பயன்பட்டது. மஞ்சள் காய்ச்சலில் பிழைத்தவருக்கு அது மீண்டும் வருவதில்லை. அவ்வூரிலேயே பிறந்தவர்கள் பலர் சிறு வயதிலேயே இலேசாக நோய் கண்டு தேறியிருந்தார்கள். 1853இல் அங்கே இந்நோயால் இறந்த ஏறத்தாழ 8,000 பேரில் பெரும்பகுதியினர் அயர்லாந்திலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் புதிதாக வந்த ஏழைத் தொழிலாளர்கள். பிழைத்தவர் என்ற தகுதி வேலைக்கும் கடனுக்கும் வேண்டியதாயிற்று. தற்செயலாகக் கிடைத்த எதிர்ப்பாற்றல் ஒழுக்கத்தின் சான்றாகக் கருதப்பட்டது. கறுப்பின மக்களுக்குப் பிறப்பிலேயே இந்த ஆற்றல் உண்டு என்ற கூற்றோ அடிமை முறைக்கு நியாயமாகச் சொல்லப்பட்டது.

மஞ்சள் காய்ச்சலைப் பரப்புவது கொசு என்ற கருத்தை மருத்துவர் கார்லோஸ் ஃபின்லே 1881இல் ஹவானாவில் முன்வைத்தார். 1900இல் வால்டர் ரீடின் குழு அதை மெய்ப்பித்தது. அதன் பின் பொறுப்பைப் பற்றிய கேள்வி கூர்மை பெற்றது. 1999இல் டெக்சாஸின் லாரெடோவிலும், ஆற்றுக்கு மறுகரையில் மெக்சிகோவிலுள்ள நுவோ லாரெடோவிலும் நடந்த டெங்கு ஆய்வு இதைக் காட்டுகிறது. கொசு பெருகும் இடங்கள் லாரெடோவில்தான் அதிகம். டெங்கு அதிகமாகத் தொற்றியதோ நுவோ லாரெடோவில். லாரெடோவின் மூடிய ஜன்னல்களும் ஏ.சி.யும் கொசுவை மனிதரிடமிருந்து பிரித்துவைத்தன.

2015இல் பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜிகா இன்னொரு பிரிவினையை வெளிக்கொணர்ந்தது. கர்ப்பிணிகளுக்குத் தொற்றியபோது சில குழந்தைகள் சிறுத்த தலையோடும் மூளைப் பாதிப்போடும் பிறந்தன. குழாய்நீர் நாள் தவறி வந்த ஏழைக் குடியிருப்புகளில் தொட்டியிலும் பீப்பாயிலும் நீர் பிடித்து வைப்பது தவிர வேறு வழியில்லை. கொசுவுக்கு அதுவே வசதி. பாதிப்பு ஏழைத் தாய்மார் மீது, குறிப்பாகக் கறுப்பின, கலப்பினப் பெண்கள் மீது, அதிகமாக விழுந்தது. கருக்கலைப்பு மிகச் சில சூழல்களில் மட்டுமே சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நாட்டில், பிறந்த குழந்தையை வாழ்நாள் முழுதும் பேணும் பொறுப்பும் பெரும்பாலும் அத்தாய்மாருடையதாயிற்று.

இத்தகைய பிரச்சினைகளுக்கு மெய்யியலாளர் ஜூடித் ஷ்க்ளார் 1990இல் வெளியிட்ட ‘அநீதியின் முகங்கள்’ என்ற நூல் ஓர் அளவுகோலைத் தருகிறது. துரதிர்ஷ்டத்துக்கும் அநீதிக்கும் இடையிலான கோடு நிலையானதன்று. அதை எங்கே போடுவது என்பதே அரசியல் முடிவு என்கிறார் அவர். தடுக்கக்கூடியதைத் தடுக்காமல் இருப்பதும் அநீதியே.

எல்லாமே சமூகத்தின் குற்றம் என்று இதற்குப் பொருளில்லை. டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை கண்டவருக்கு மற்றொரு வகை தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். செல்வரின் வீட்டிலும் இது நேரும். எனினும் உடலின் பங்கும் மாறாததன்று. 1937இல் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி உருவான பின், அந்நோயால் நேரும் சாவில் விதிக்கு விட்டுவைத்த இடம் சுருங்கியது. அறிவும் ஆற்றலும் கூடக்கூட அநீதியின் எல்லை விரிகிறது. 1793இல் கொசுவின் பங்கை அறியாத நகரத்தை நோய்க்காகக் குற்றம் சொல்ல முடியாது. ஏழைகளைக் கைவிட்டதற்கும் பணியாற்றியவர் மீது பழி போட்டதற்கும் சொல்லலாம். 2015இல் குழாயில் தினமும் நீர் தராததும் அந்தக் கணக்கில் சேரும்.