நாமா, நாங்களா?

ஒரகடத்திலோ வல்லம் வடகாலிலோ ஜப்பானியக் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களிடம் ‘வை-வை’ என்று சொன்னால் விளக்கம் கேட்கமாட்டார்கள். லைனில் ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால், ஐந்து தடவை ‘ஏன்’ என்று கேட்டு நிரப்ப வேண்டிய தாள் அது. போல்ட் ஏன் தளர்ந்தது? முறுக்கு போதவில்லை. ஏன் போதவில்லை? கருவிக்குப் போகிற காற்றழுத்தம் இறங்கியிருந்தது. ஏன் இறங்கியது? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் வேர் தட்டுப்படும். அந்தத் தாளுக்கு எழுதாத விதி ஒன்று உண்டு: ‘யார்’ என்று கேட்கக் கூடாது. ஆளைப் பிடித்துத் திட்டினால் அடுத்த தடவை தவற்றை ஒளித்துவைப்பான். முறையைத் திருத்தினால் தவறு திரும்பாது. தொழிற்சாலைக்கு நல்ல விதிதான். ஒரு போரின் நினைவுக்கு முன்னால் நிற்கும்போதும் அது போதுமா என்று யோசிக்க இந்த வட்டாரத்து ஆட்களுக்குத் தனிக் காரணம் இருக்கிறது.

ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்து வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் சிலர் பயிற்சிக்காக ஜப்பான் போகிறார்கள். நாலு நாள் விடுமுறை சேர்ந்தாற்போல் கிடைத்தால் ஃபூஜி மலை, கியோட்டோ, ஹிரோஷிமா. முதல் இரண்டில் சிரித்தபடி படம் எடுத்துக்கொள்ளலாம். ஹிரோஷிமாவில் கை தானாகக் கீழே இறங்கும். 1945 ஆகஸ்ட் 6, காலை 8.15. அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர். அருங்காட்சியகத்தில் சோறு கரிக்கட்டியாகிப்போன ஒரு மாணவனின் டிபன் பாக்ஸ் இருக்கிறது. டிபன் பாக்ஸ் தூக்கிக்கொண்டு ஷிஃப்டுக்குப் போய் வருகிற ஒருவருக்கு அதன் முன்னால் மொழிபெயர்ப்பாளர் வேண்டியதில்லை.

பூங்காவின் நடுவில், கென்சோ டாங்கே வடிவமைத்த வளைவின் கீழே, ஒரு கல். இறந்தவர்களை அமைதியாக உறங்கச் சொல்லி, தவறு திரும்ப நேராது என்று உறுதி கூறும் ஒரே வாக்கியம் அதில் இருக்கிறது. ஜப்பானிய வாக்கியத்தில் எழுவாய் இல்லை. வினைமுற்றிலும் ஆள் யாரென்று காட்டும் விகுதி கிடையாது. தவறு செய்தது யார், திரும்பச் செய்யமாட்டேன் என்பது யார் என்பதை இலக்கணம் வாய் திறந்து சொல்லவில்லை. 1952 நவம்பரில் அங்கே வந்த இந்தியர் ஒருவர் இதைப் பிடித்துக்கொண்டார். டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் எல்லாரையும் விடுவிக்க வேண்டும் என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ராதாபினோத் பால்தான் அவர். குண்டைப் போட்டது அமெரிக்கா. அப்படியிருக்க ஜப்பானியர் ஏன் தவறு என்று எழுதிவைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது அவருடைய ஆட்சேபம். அந்த வாக்கியத்தை எழுதிய பேராசிரியர் தடயோஷி சைகா விடவில்லை. இங்கே பேசுவது மனித குலம் முழுவதும் என்று மறுத்து எழுதினார்.

தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு உண்டு என்றார் சுசுமு ஓனோ. மொழியியலாளர் பலர் அதை ஏற்கவில்லை. உறவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த இடத்தில் தமிழ் கொஞ்சம் கறார். ‘செய்யமாட்டோம்’ என்று சொன்னவுடனே ‘ஓம்’ வந்து ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு மேல் இன்னொரு கேள்வியும் கேட்கும்: அந்த ‘ஓம்’ நாமா, நாங்களா? கேட்கிறவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். அவரை வெளியே நிறுத்தி, தவறு எங்களுடையது என்றால் நாங்கள். பாலின் ஆட்சேபத்துக்கும் சைகாவின் பதிலுக்கும் இடையில் இருந்த சண்டை தமிழில் இந்த இரண்டு சொற்களின் சண்டை. ஒரகடத்திலிருந்து போய் அந்தக் கல்லின் முன் நிற்பவர் எந்த ‘ஓம்’மில் சேர்த்தி?

இதற்குப் பதில் சொல்ல ஹிரோஷிமாவின் இன்னொரு முகத்தையும் பார்க்க வேண்டும். அது படை நகரம். 1894-இல் சீனாவோடு போர் மூண்டபோது பேரரசரின் தலைமைப் பாசறையே அங்கே வந்தது. உஜினா துறைமுகத்திலிருந்து அரை நூற்றாண்டு காலம் கப்பல் கப்பலாகச் சிப்பாய்கள் போனார்கள். ஹிரோஷிமாவைத் தாயகமாகக் கொண்ட ஐந்தாம் டிவிஷன் 1941 டிசம்பர் 8 அன்று தென் சயாமின் சிங்கோராவிலும் பட்டாணியிலும் கரையிறங்கி, மலாயாவின் மேற்குக் கரையோரமாகச் சிங்கப்பூர் வரை போனது. அந்த வழி நெடுகிலும் ரப்பர் தோட்டங்கள். தோட்டத்து லயங்களில் தமிழர்கள். செங்கல்பட்டு, வடஆர்க்காடு, தஞ்சை, திருச்சி என்று பல மாவட்டங்களிலிருந்து கங்காணி முறையில் கப்பலேறிப் போனவர்களும் அவர்கள் பிள்ளைகளும்.

1942-இல் ஜப்பானிய இராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் இரயில் பாதை போடத் தொடங்கியது. 1943 அக்டோபரில் தண்டவாளங்கள் சந்தித்தன. போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுக்குக் காஞ்சனபுரியில் வெட்டிய புல்லும் வரிசையான பெயர்க்கற்களும் உண்டு. ஆசியக் கூலிகளில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்று பொதுவாகச் சொல்வார்கள். அதைவிட மிகுதி என்பவர்களும் இருக்கிறார்கள். மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்களின் எண்ணிக்கை மட்டும் 75,000-ஐத் தொடும். அவர்களில் பெரும்பாலோர் தமிழர். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்களைக் குழியில் கூட்டமாகப் போட்டு மூடினார்கள். மலேசியத் தமிழர்கள் இதை மறக்கவில்லை, ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ அங்கே எழுதப்பட்ட நாவல். தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைக்கு ஹிரோஷிமா தெரியும். சயாம் இரயில் தெரியுமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

இது தெரிந்துகொண்டு ஹிரோஷிமா போகிறவருக்கு நாக்கு நுனியில் முதலில் வருவது, ‘வினை விதைத்தவன் வினை அறுப்பான்’. வரத்தான் செய்யும். ஆனால் கணக்கைச் சரிபார்த்தால் அது தவறான கணக்கு. 1945 ஆகஸ்டில் ஐந்தாம் டிவிஷன் ஹிரோஷிமாவில் இல்லை. கிழக்கு இந்தோனேசியாவின் தீவுகளில் இருந்தது. அன்று காலை நகரத்தின் நடுவில் இருந்தவர்களில் பலர், தீ பரவாமல் இருக்க வீடுகளை இடித்துத் தெருவை அகலப்படுத்த அழைத்துவரப்பட்ட பள்ளிப் பிள்ளைகள். அப்படி வந்தவர்களில் ஏறத்தாழ 6,000 பேர் இறந்தார்கள். கொரியாவிலிருந்து வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள் ஆயிரக்கணக்கில். மலாயாவிலிருந்து ஜப்பான் தானே தேர்ந்தெடுத்துப் படிக்க அழைத்த மாணவர்களில் இருவர். விதைத்தது யாரோ, அறுத்தது யாரோ. சயாமில் செத்தவனுக்கு ஹிரோஷிமாவில் எரிந்த பிள்ளை ஈடாகாது. ஈடு என்று சொல்லும் அந்த நிமிடத்தில் சயாமில் செத்தவனும் மறுபடி ஓர் எண்ணாகிவிடுகிறான்.

எதிர்ப் பக்கத்தில் இன்னொரு பதில் காத்திருக்கிறது. இதுதான் நமக்கு அதிகம் பழக்கம். பழசை ஏன் கிளற வேண்டும்? அவர்கள் வேலை கொடுக்கிறார்கள், மரியாதையாக நடத்துகிறார்கள், நாம் ஜப்பானோடு எந்த வழக்கும் வைத்துக்கொள்ளவில்லையே? உண்மைதான். சான்ஃபிரான்சிஸ்கோ உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 1952 ஜூன் 9 அன்று தனியாக உடன்படிக்கை செய்துகொண்டு, இழப்பீடு கேட்கும் உரிமையை முழுதாக விட்டுக்கொடுத்தது. நேரு காலத்துப் பெருந்தன்மை என்று அதைக் கொண்டாடுவார்கள். மலாயாவின் சார்பில் பிரிட்டன் ஏற்கெனவே விட்டுக்கொடுத்திருந்தது. பின்னாளில் மலேசியா குரல் எழுப்பியபோது 1967-இல் இரண்டு கப்பல்கள் கொடுப்பதாக ஒப்பந்தம் போட்டு ஜப்பான் கணக்கை முடித்தது. இத்தனை கையெழுத்துகளிலும் லயத்து வீட்டில் புருஷன் திரும்பி வராத பெண்ணைக் கேட்டவர் யாரும் இல்லை. கடன் கொடுத்தவன் தள்ளுபடி செய்யலாம். பக்கத்து வீட்டுக்காரன் அவன் பெயரால் தள்ளுபடி செய்ய முடியாது. அரசுகள் வழக்கை முடிக்கலாம். மன்னிக்கும் உரிமை அவற்றிடம் எப்போதும் இருந்ததில்லை.

தொழிற்சாலைகளையே எடுத்துக்கொள்வோம். வல்லம் வடகாலில் மோட்டார் சைக்கிள் செய்யும் யமஹாவின் முதல் வண்டி 1955-இல் வெளிவந்தது. தாய்க் கம்பெனி போர்க்காலத்தில் விமான உந்துவிசிறி செய்த எந்திரங்களுக்கு வேறு வேலை கண்டுபிடிக்கும் முயற்சியில் பிறந்த வண்டி அது. ஒரகடத்தில் இருக்கும் கொமாட்சு தன் முதல் புல்டோசரைச் செய்தது 1943-இல், கடற்படை விமானத் தளம் அமைக்க. இதனால் இன்று அங்கே வெல்டிங் அடிக்கிறவரின் சம்பளத்தில் கறை படிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் அது அபத்தம். கலப்பையாக மாறிய வாள் கலப்பைதான். அதே ஒரகடத்தில் டைம்லரின் லாரித் தொழிற்சாலையும் இருக்கிறது. போர்க்காலத்தில் அடிமை உழைப்பை வாங்கிக்கொண்ட ஜெர்மன் கம்பெனிகளில் அதுவும் ஒன்று. 2000-இல் ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் சேர்ந்து 1,000 கோடி மார்க் நிதி அமைத்து, உயிரோடிருந்த பதினாறு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பணம் கொடுத்தார்கள். அதில் டைம்லரின் பங்கும் உண்டு. ஐம்பத்தைந்து வருடம் தாமதம்; வழக்குகளின் நெருக்கடியும் பின்னால் இருந்தது. இருந்தாலும் ‘நாங்கள்’ என்று ஒரு தரப்பு சொன்னது. சயாம் இரயிலின் தமிழ்க் கூலிக்கு அப்படிச் சொல்லக் கேட்கும் வாய்ப்பு அமையவில்லை.

இங்கே ‘வை-வை’ தாளை எடுத்து நேர்மையாக நிரப்பிப் பார்ப்பது நல்லது. கூலி ஏன் சயாம் போனான்? ஜப்பானிய இராணுவம் தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கேட்டது. அவன் பெயர் ஏன் பட்டியலில் வந்தது? தோட்டத்துக் கிராணிமாரும் கங்காணிமாரும் தங்களுக்கு வேண்டியவர்களை விட்டுவிட்டு, கேட்க நாதியில்லாதவனை முன்னால் தள்ளிய இடங்கள் உண்டு. அவன் ஏன் மலாயாவில் இருந்தான்? ரப்பருக்கு வெள்ளைக்காரனுக்குக் கை தேவைப்பட்டது. ஊரில் ஏன் இருக்கவில்லை? நிலமில்லை, சாதியால் மானமில்லை, மழையும் இல்லை. மூன்றாவது ‘ஏன்’ வருவதற்கு முன்பே குற்றவாளிக் கூண்டு ஜப்பானியரைத் தாண்டி நீண்டுவிடுகிறது. நம் ஆட்களும் அதில் நிற்கிறார்கள். அதே ஆண்டுகளில் அதே தோட்டங்களிலிருந்து ஆணும் பெண்ணும் நேதாஜியின் படையில் சேர்ந்ததைப் பெருமையோடு சொல்கிறோம். ஜப்பானியரின் தோழமையோடு நின்ற படை அது. இரயிலைச் சொல்லாமல் விட்டதற்கு அந்தப் பெருமையும் ஒரு காரணமாக இருக்கக்கூடும்.

ஆகவே சைகாவின் ‘மனித குலம் முழுவதும்’ என்ற பதில் உயர்ந்தது என்றாலும், கொஞ்சம் அவசரப்பட்ட பதில் என்றே சொல்ல வேண்டும். ‘நாங்கள்’ என்று ஒரு தடவையாவது சொல்லி முடிக்காதவர் வாயில் ‘நாம்’ என்ற சொல் பங்கைத் தட்டிக்கழிக்கும் வழியாகிவிடும். ஊர்ப் பஞ்சாயத்தில் “நம்ம எல்லார் மேலயும்தான் தப்பு” என்று பெரியவர் தீர்ப்புச் சொன்னால், அடிபட்டவன் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவான் அல்லவா. ஹிரோஷிமாவே இதை மெல்லக் கற்றது. கொரியர்களுக்கான நினைவுச் சின்னம் 1970-இல் பூங்காவுக்கு வெளியே எழுந்தது. ஆற்றைத் தாண்டி உள்ளே வர 1999 ஆனது.

போகிறவர் கையிலும் ஒரு ‘நாங்கள்’ இருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி பஸ்கள் தாண்டிப் போகிற நினைவிடத்துக்கு உரியவர், 1988 ஜூனில் ஐ.நா. சபையில், 2010-க்குள் உலகில் அணு ஆயுதமே இருக்கக் கூடாது என்று திட்டம் வைத்தவர். பத்தே ஆண்டில், 1998 மே மாதம், பொக்ரானில் வெடித்தபோது இந்த ஊர்களிலும் இனிப்பு வழங்கினார்கள். ஆகஸ்டில் ஹிரோஷிமாவுக்காக நாடாளுமன்றம் எழுந்து நிற்பதும் அதே நாட்டில்தான். சயாமின் கணக்கை மனசில் வைத்துக்கொண்டு கல்லின் முன் நிற்கிற தமிழருக்கு இந்தக் கணக்கையும் வைத்துக்கொள்ளாமல் நிற்க உரிமை கிடையாது. இரண்டும் மனசில் இருந்தாலும் அழுகை வரும். கணக்கு முடிந்த பிறகுதான் அழ வேண்டும் என்று எந்த அறமும் சொல்லவில்லை; எந்தச் சாவு வீட்டிலும் யாரும் அப்படிக் காத்திருப்பதில்லை.

2023-இல் காஞ்சனபுரியில், கூலிகளின் எலும்புகள் திரட்டி அடக்கம் செய்யப்பட்ட புத்தக் கோயில் வளாகத்தில், தமிழர்களுக்கு ஒரு நடுகல் வைத்தார்கள். தமிழ்நாடு அரசும் நிதி கொடுத்தது. எண்பது வருடத்துக்குப் பிறகு. பழைய நடுகல்லில் இன்னான் மகன் இன்னான், இன்ன சண்டையில் பட்டான் என்று எழுதியிருக்கும். சயாமில் பட்டவர்களுக்கு அப்படி எழுத மஸ்டர் ரோல்கூட மிஞ்சவில்லை.

ஹிரோஷிமாவின் அந்த வளைவுக்குக் கீழே ஒரு பேழை இருக்கிறது. இறந்தவர்களின் பெயரேடுகள் அதற்குள். எந்த நாட்டவர் என்று பார்க்காமல் சேர்த்த பெயர்கள் இன்று 3,40,000-க்கும் மேல். ஒவ்வோர் ஆகஸ்டிலும் கூடும். மழைக்காலத்துக்கு முன் ஆண்டுதோறும் நகராட்சி ஊழியர்கள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு அந்த ஏடுகளை வெளியே எடுத்து, ஈரம் போகப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காற்றாட விடுகிறார்கள். அவற்றில் ஓர் ஏட்டில் பெயர்கள் இல்லை. பெயர் தெரியாதவர்கள் பலர் என்று ஒரு வரி. மற்றபடி வெற்றுத் தாள்கள். அந்த ஏட்டையும் எடுத்துவைத்து, மற்றவற்றைப் போலவே காற்றாட விடுகிறார்கள்.