தூக்கத்தைத் தொலைத்தவர் எடுக்கும் முடிவு



தூங்குபவர் விழிக்கும் வரை அவர் மீது பாவம் எழுதப்படுவதில்லை என்பது நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்த பாடம். பல நாட்களாகச் சரியாகத் தூங்காமல் விழித்திருப்பவருக்கு அந்தச் சலுகை உண்டா? இல்லை. அவர் பேசுவதும் செய்வதும் எழுதப்படுகின்றன.

நம் சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிகளில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் நிறைய. ஷிஃப்ட் இல்லாதவர்களையும் செல்போன் தூங்க விடுவதில்லை. 'எனக்கு அஞ்சு மணி நேரம் போதும்' என்கிறோம்.

2003ல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில், 14 நாட்கள் தொடர்ந்து 6 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களின் கவனம், ஓரிரு இரவு அறவே தூங்காதவர்களைப் போல் குறைந்தது. அவர்களோ அதைப் பெரிதாக உணரவே இல்லை! 2011ல் வெளியான சிங்கப்பூர் ஆய்வில், ஓர் இரவு விழித்திருந்தவர்கள் நஷ்டத்தைத் தவிர்ப்பதை விட்டு லாபத்தைத் துரத்தும் பக்கம் சாய்ந்தார்கள். சூதாடியின் மனநிலையும் இதுதானே?

2025ல் தமிழகத்தில், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை தடை விதிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. சூது எந்த நேரத்திலும் ஹராம்தான். ஆனால் அந்த நேரத்தில் மனிதன் எவ்வளவு பலவீனமானவன் என்பதைச் சட்டமும் கணக்கில் எடுத்திருக்கிறது.

கோபத்தில் இருக்கும் நீதிபதி தீர்ப்பு வழங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். கடும் பசி, தாகம், தூக்கக் கலக்கம் ஆகியவற்றையும் ஃபுகஹாக்கள் இதோடு சேர்த்தார்கள். காரணம், இவையும் சிந்தனையைக் குலைக்கின்றன.

சகோதரர்களே! நம் வீட்டில் நாமும் நீதிபதிகள்தான். தலாக் என்ற சொல், பிள்ளை மீது ஓங்கும் கை, கடன் ஆப்பில் அழுத்தும் விரல், உறவை முறிக்கும் வாட்ஸ்அப் செய்தி எல்லாம் தீர்ப்புகளே. அதில் பாதிக்கப்படுபவர் தூங்கி எழுந்தாலும் அந்தக் காயம் ஆறுவதில்லை.

ஹலாலான சம்பாத்தியத்துக்காகக் கண் விழிப்பது குற்றமல்ல. அந்தக் கலக்கத்தில் தீர்ப்பு எழுதாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது. வீணாகக் கண் விழிப்பவருக்கோ அந்தக் காரணமும் இல்லை. இஷாவுக்குப் பின் தேவையற்ற பேச்சை நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள்.

கோபமோ ஆசையோ எழுந்தால் முதலில் தூங்குங்கள். எழுந்து ஒளூ செய்து, தொழுதுவிட்டு முடிவெடுங்கள். அப்போதும் சரியென்று பட்டால் செய்யலாம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் நிம்மதியான உறக்கத்தையும் நிதானத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.