அச்சமும் சார்பும்

கட்டிளமைப் பருவத்தினரைத் தீய வழியில் போகாமல் தடுக்கச் சமயங்கள் நெடுங்காலமாக நம்பிவந்த கருவி அச்சம். நரகம், தெய்வக் குற்றம், முன்வினை என்று பெயர் மாறினாலும் அதன் வேலை ஒன்றுதான். மகன் ‘ஐஸ்’ போதைப்பொருள் பக்கம் போய்விடுவானோ என்று கலங்கும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பெற்றோர் அவனை அறநெறிப் பாடசாலைக்கோ மறைக்கல்வி வகுப்புக்கோ அனுப்பும்போது, சாமிக்குப் பயந்தாவது ஒழுங்காக இருக்கட்டும் என்றே பெரும்பாலும் எண்ணுகிறார்கள்.

அச்சம் அவ்வளவு தூரம் காக்குமா என்பது ஐயம். கலிபோர்னியப் பாடசாலை மாணவர்களைப் பற்றி 1969இல் ஆய்வு வெளியிட்ட சமூகவியலாளர்கள் ட்ராவிஸ் ஹிர்ஷியும் ரொட்னி ஸ்டார்க்கும், மறுமைத் தண்டனையை நம்பும் பிள்ளைக்கும் நம்பாத பிள்ளைக்கும் குற்றம் புரிவதில் பெரிய வேறுபாடு காணவில்லை. பின்னர் ஸ்டார்க் ஒரு திருத்தம் சொன்னார்: சுற்றியிருக்கும் சமூகமே சமயத்தில் தோய்ந்திருக்கும் இடங்களில் அதன் கட்டுப்பாடு பலிக்கிறது, தனியொருவன் நெஞ்சில் மட்டும் இருக்கும் நம்பிக்கைக்கு அந்த வலு இல்லை.

சைவ சித்தாந்தத்துக்கு இது புதிய செய்தியன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. ஆணவம் முதலிய மலத்தைச் சார்ந்தால் மலத்தின் இயல்பும், இறைவனைச் சார்ந்தால் இறை இயல்பும் உயிருக்கு வரும். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் தந்த சிவஞானபோதம், தன் 12ஆம் சூத்திரத்தில் சீவன்முத்தர்க்கே அடியார் கூட்டுறவை விதிக்கிறது. ஞானம் கைகூடியவருக்கே நல்ல துணை வேண்டுமென்றால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு வேண்டும்! கத்தோலிக்க மரபில் புனித தொன் போஸ்கோவும் 1877இல் எழுதிய முன்தடுப்பு முறையில், தண்டிக்கக் காத்திருக்காமல் பிள்ளைகளின் நடுவிலேயே இருக்கும்படி ஆசிரியர்களைக் கேட்டார்.

கொழும்பில் அந்தத் துணைக்கு நேரமும் இடமும் அரிது. ஞாயிறு காலை அறநெறி வகுப்பும் சாதாரண தர ரியூசனும் ஒரே நேரத்தில் வந்தால் ரியூசனே வெல்கிறது. தொடர்மாடியில் கதவைச் சாத்திவிட்டால் பக்கத்து வீட்டார் யாரென்றே தெரியாது. நெருக்கமான தோட்டங்களில் எல்லோரும் தெரிந்தவர்கள். தூள் விற்பவனும் தெரிந்தவன். அவனும் ஒரு சார்பு. பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான், வேலை கொடுப்பான், கையில் காசும் வைப்பான்.

ஆடிவேல் ரதம் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் நாளில், தாகசாந்திப் பந்தலில் மோர் ஊற்றிக் கொடுக்கும் பையனைப் பார்த்தால் நல்ல சார்பு எதுவென்று விளங்கும். அண்டாவில் மோர் குறைந்ததும் பெரியவர் ஒருவர் அவனைத்தான் கூப்பிடுகிறார். அவன் வராவிட்டால் தேடுவார்கள். பிரசங்கம் கேட்டுவிட்டு எழுந்து போகும் பையனுக்கு இது வாய்ப்பதில்லை. குறை என்னவென்றால், இந்தப் பந்தல் ஆண்டுக்கு ஓரிரு நாள்தான். விற்பவன் மாலைதோறும் நிற்கிறான்.

சார்பே எல்லாம் என்றால் பிழை செய்த பிள்ளைக்குப் பொறுப்பில்லையா என்று கேட்கலாம். உண்டு. இச்சையும் அறிவும் செயலும் உயிருக்கு உரியவை என்பதால் வினைப்பயனும் அதற்கே. எனினும் பொறுப்பு அறிவு முதிர்ந்த அளவுக்கே. இலங்கைச் சட்டமும் 2018இல் குற்றப் பொறுப்புக்கான வயதை 8இலிருந்து 12ஆக உயர்த்தி, 14 வயது வரை பிள்ளையின் முதிர்ச்சியை நீதவான் ஆராய வேண்டும் என்றது. எஞ்சிய பொறுப்பு, நல்ல சார்பைக் கொடுக்கக் கூடியவர்களாய் இருந்தும் கொடுக்காதவர்களுடையது: ஞாயிறு காலையையும் ரியூசனுக்கே கொடுத்துவிட்ட வீட்டாரும், திருவிழா முடிந்த கையோடு மண்டபத்தைப் பூட்டிவிடும் கோயில் பரிபாலன சபையினரும் அதில் பங்காளிகள்.