நன்றி சொல்லும் நாக்கு யாருடையது?

1960-களின் தொடக்கத்தில் ஹாங்காங்கில், ஏழு வயதுப் பையன் ஒருவனைப் பெற்றோர் பீக்கிங் இசைநாடகப் பள்ளி ஒன்றில் விட்டார்கள். பத்தாண்டு ஒப்பந்தம். சோறும் படுக்கையும் பயிற்சியும் ஆசான் யூ ஜிம் யுவென் பொறுப்பு. பையன் மேடையிலும் படத்திலும் ஈட்டுவது ஆசானுக்கு. உயிர் போகும் அளவுக்குத் தண்டிக்கவும் அந்தத் தாள் ஆசானுக்கு உரிமை தந்ததாக, 1998-இல் வெளியான தன் சுயசரிதையில் அந்தப் பையன் எழுதினார். அதற்குள் உலகம் அவரை ஜாக்கி சான் என்று அறிந்திருந்தது. அதே பள்ளியில் அவருக்கு மூத்த மாணவர் சாம்மோ ஹுங். 1962-லேயே இருவரும் குழந்தை நடிகர்களாகத் திரையில் தோன்றிவிட்டார்கள். இசைநாடகத்துக்குக் கூட்டம் குறைந்துகொண்டிருந்த காலம் அது. குட்டிக்கரணம் அடிக்கவும் உயரத்திலிருந்து விழவும் பழகிய உடல்கள் படக் கம்பெனிகளுக்குத்தான் தேவைப்பட்டன. பிரம்படியைப் பற்றி விரிவாகவே பேசும் ஜாக்கி, அந்த ஆசானைத் தூற்றுவதில்லை. தன்னைப் பெற்றவர் ஒருவர், ஜாக்கி சான் என்ற மனிதனைப் பெற்றவர் அந்த ஆசான் என்ற பொருளில்தான் பேசுகிறார்.

அவரே நன்றி சொல்லும்போது நாம் யார் குறை சொல்ல என்று கேட்கத் தோன்றும். அடியாத மாடு படியாது என்று வழிவழியாகச் சொல்லிவந்த நமக்கு இந்த வாதம் இனிக்கவும் செய்யும். ஆனால் அந்த நன்றி எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் ஆசானின் பெயரிலிருந்த 'யுவென்' என்ற எழுத்தைத் தங்கள் மேடைப் பெயரில் சேர்த்துக்கொண்டார்கள். ஜாக்கி அங்கே யுவென் லோ, சாம்மோ ஹுங் யுவென் லுங். உடன் பயின்ற யுவென் பியாவும் யுவென் வாவும் வளர்ந்து புகழ்பெற்ற பிறகும் அந்தப் பெயரை விடவில்லை. பெயரையே ஆசான் தந்திருக்கிறார் என்றால், எதை வெற்றி என்பது, எந்த வலியைச் செலவுக் கணக்கில் எழுதுவது என்னும் அளவுகோலையும் அவர்தான் தந்திருப்பார். வழக்கில் சிக்கியவரே சாட்சியையும் வளர்த்தெடுத்த கதை இது. சாட்சி பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சாட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது என்கிறேன்.

சீனத் தத்துவத்தில் இந்தக் கேள்வி மிகப் பழையது. மனித இயல்பு வில்லோ மரம் போன்றது, நற்பண்பு அந்த மரத்தில் செய்த கிண்ணம் போன்றது என்று காவ்சி என்ற சிந்தனையாளர் வாதிட்டபோது தத்துவஞானி மென்சியஸ் திருப்பிக் கேட்டார்: மரத்தின் இயல்பை ஒட்டிக் கிண்ணம் செய்கிறாயா, மரத்தைச் சிதைத்துச் செய்கிறாயா? ஜாக்கியின் பள்ளிக்கு இந்தக் கேள்வி அப்படியே பொருந்துகிறது. ஓடுவதும் தாவுவதும் கரணம் போடுவதும் பிள்ளைகளின் இயல்பை ஒட்டியவை. விட்டால் நாளெல்லாம் செய்வார்கள். பிரம்பு அந்த இயல்பில் இல்லை. எழுத்தறிவும் அங்கே சரியாகக் கிடைக்கவில்லை. படிக்கவும் எழுதவும் தான் பட்ட பாட்டைப் பெரியவரான பிறகு ஜாக்கியே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். கிண்ணம் அழகாக அமைந்துவிட்டதால், செதுக்கி எறிந்ததெல்லாம் வேண்டாத மரம் என்று ஆகிவிடாது.

இன்னொரு சீனத் தத்துவஞானியான சுவாங் ட்சு இன்னும் கூர்மையானவர். போ லே என்பவன் குதிரைகளைப் பழக்குவதில் வல்லவன் என்று ஊரே புகழ்ந்தது. சூடு போட்டு, குளம்பைச் செதுக்கி, பட்டினி போட்டு, சாட்டையால் அடித்து அவன் பழக்கி முடிக்கும்போது பாதிக்கு மேற்பட்ட குதிரைகள் செத்துப்போயிருந்தன என்கிறது அவர் பெயரால் வழங்கும் நூல். நாம் கேட்பதெல்லாம் பிழைத்த குதிரைகளின் கனைப்புதான். ஜாக்கியோடு அதே பிரம்படியில் வளர்ந்தவர்களில் பலர் பெயர் தெரியாத சண்டைக் கலைஞர்களாக, விழுந்து எழும் உடல்களாக மட்டும் படங்களில் மறைந்துபோனார்கள். பிரம்புதான் மேதையை உண்டாக்கியது என்றால் இவர்களையும் அது மேதையாக்கியிருக்க வேண்டும்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. எந்தக் குழந்தைதான் சம்மதம் சொல்லி வளர்கிறது? தாய்மொழியை யார் கேட்டு வாங்கினார்கள்? வளர்ப்பு என்றாலே ஒருவர் இன்னொருவரை வடிப்பதுதான். அதைக் குற்றம் என்றால் எல்லாத் தாய் தந்தையரும் கூண்டில் ஏற வேண்டியதுதான். நியாயமான வாதம், பாதியளவில் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தாய்மொழி கற்றுத்தந்த தாய், பிள்ளை பேசும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கூலி வசூலிப்பதில்லை. விட்டுப் போகும் வழி இருக்கிறதா என்பதும் முக்கியம். புத்தரின் மகனான சிறுவன் ராகுலனுக்குத் துறவு கொடுத்தபோது, பேரனை இழந்த சுத்தோதனர் வருந்திக் கேட்க, பெற்றோர் அனுமதியின்றிப் பிள்ளைகளைச் சங்கத்தில் சேர்ப்பதில்லை என்று புத்தர் விதி வகுத்தார். அந்த விதியும் பிள்ளையின் சம்மதத்தைக் கேட்கவில்லை, பெற்றோரிடம்தான் கேட்டது. ஆனாலும் காவியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போக, சங்கத்தின் ஒழுக்க விதிகளான விநயம் இடம் வைத்திருந்தது. ஹாங்காங் ஒப்பந்தத்திலும் பெற்றோரின் கையெழுத்து இருந்தது. பத்தாண்டு முடியும்வரை வாசல்தான் இல்லை.

வேறு வழியற்ற வறுமை என்று சிலர் சொல்லலாம். ஏழைக் குடும்பங்கள் பல அந்தப் பள்ளிகளை நம்பின என்பது உண்மை. ஜாக்கியின் பெற்றோரோ பட்டினியில் கிடந்தவர்கள் அல்லர். தூதரக வீடுகளில் சமையலும் வீட்டுவேலையும் பார்த்தவர்கள், பின்னர் ஆஸ்திரேலியாவில் அமெரிக்கத் தூதரகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வறுமை எல்லாவற்றையும் விளக்கிவிடாது. வறுமை காரணமாக இருந்த இடங்களிலும் அது பெற்றோரின் முடிவைத்தான் விளக்கும், ஆசானின் பிரம்பை அல்ல.

பிறகு அந்த நன்றியை என்ன செய்வது? அது ஜாக்கியின் சொத்து. யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். தன் முதுகில் விழுந்த அடியை அவர் மன்னிக்கலாம். பக்கத்துப் பாயில் படுத்திருந்தவன் முதுகில் விழுந்ததை மன்னிக்கும் உரிமை அவருக்கு இல்லை. 1982-இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அந்தப் பையன் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸில், தாயோடு வளர்ந்தான்.